வாணக் கருவிகளும் சிக்கனமும்

அரபு மதரஸாக்களில் சொல்லிலக்கணம், தொடரிலக்கணம், தருக்கம் ஆகியவற்றை 'உலூமுல் ஆலா' என வழங்குவர். கருவிக் கலைகள் என்பது அதன் பொருள். அவை தாமே குறிக்கோள் ஆகமாட்டா. மூல நூல்களைப் பிழையறக் கற்பதற்குத் துணை நிற்பவை மட்டுமே. ஆயினும் அக்கருவியில் குறை வைத்தவன் மூலத்திலும் குறைபட்டே தீர்வான் என்பதை முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குச் சொல்லி வருகிறோம். அண்மையில் இதே பாடத்தை முற்றிலும் வேறானதொரு துறையில், அதாவது வாணம் செய்யும் கருவிகளைப் பற்றி, நமது பழைய மாணவர் ஒருவர்க்கு எடுத்துரைக்க நேர்ந்தது. அதனை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வது பயன் தரும் எனக் கருதுகிறோம்.

அம்மாணவர் நம்மிடம் ஸர்ஃபும் நஹ்வும் ஓதியவர். பின்னர்ப் பொறியியல் பயின்று, இன்று அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலம் ஒன்றில் மனைவியுடனும் இரு குழந்தைகளுடனும் வாழ்கிறார். அந்நாட்டில் கையால் வாணம் செய்வதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பலர் உளர். 1969இல் தோன்றிய 'பைரோடெக்னிக்ஸ் கில்டு இன்டர்நேஷனல்' என்னும் அவர்களது சங்கம் கோடைகாலத்தில் மாநாடு கூட்டும் வழக்கமுடையது. பல மாநிலங்களில் சிறு கழகங்களும் இயங்குகின்றன. அத்தகைய கழகம் ஒன்றின் காட்சியைக் கண்ட நம் மாணவர்க்கு அதில் ஆசை பிறந்துவிட்டது. நமக்கு அவர் எழுதிய மடலில் கருவிகளின் விலைப்பட்டியல் ஒன்றை இணைத்திருந்தார்.

"ஹஜ்ரத், இவை அனைத்தையும் வாங்கினால் என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போய்விடும். ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு செலவிடுவது இஸ்ராஃப் ஆகுமா? ஆகுமெனில், மரக்கடையில் கிடைக்கும் கோல்களையும் வீட்டிலுள்ள மிக்ஸியையும் கொண்டு சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்" என்பது அவருடைய வினா. மடலின் அடியில் அவருடைய மனைவி இரண்டே வரி எழுதியிருந்தார்: "ஹஜ்ரத், அவர் சொல்லும் மிக்ஸி என்னுடையது. பிள்ளைகளுக்கு அதில்தான் சட்னி அரைக்கிறேன்."

கணவரின் நீண்ட வினாவைவிட மனைவியின் அவ்விரண்டு வரிகளே நம்மை அன்றிரவு உறங்கவிடவில்லை.

'வேண்டாம்' என்னும் ஒரு சொல்லோடு முடித்துவிடுங்கள் என்று நண்பர் சிலர் கூறினர். அது எளிய வழிதான். ஆனால் ஆசை கொண்ட ஒருவனை ஆசிரியர் தடுத்துவிட்டால் அவன் எல்லாச் சமயத்திலும் நின்றுவிடுவதில்லை. ஆசிரியர்க்குத் தெரியாமல், வீட்டின் கார்க் கொட்டகையில், மிக மலிவான கருவியைக் கொண்டு தொடங்கிவிடுவான். மறைவில் செய்யப்படும் காரியத்தில் முதலில் குறைக்கப்படுவது பாதுகாப்புச் செலவேயாகும். ஆதலால் அவரை விலக்குவதினும் விளக்குவதே கடமை எனத் துணிந்தோம்.

மேலும், இக்கலை நாம் முகஞ்சுளிக்க வேண்டிய கலையும் அன்று. அரபு ஏடுகளில் இதற்கு நெடிய வரலாறு உண்டு. 1248இல் திமிஷ்கில் மறைந்த மருந்தியல் மேதை இப்னுல் பைத்தார் தம் நூலில் வெடியுப்பைக் குறிப்பிடுகிறார். எகிப்தியர் அதனைச் 'சீனத்துப் பனி' என்றும், மேற்குத் திசையார் 'பாரூத்' என்றும் அழைத்ததை அங்கே காண்கிறோம். பிற்காலத்தில் வெடிமருந்துக் கலவை முழுமைக்கும் பெயரான 'பாரூத்' என்னும் சொல், தொடக்கத்தில் அவ்வுப்பு ஒன்றையே குறித்தது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த ஹஸன் அர்-ரம்மாஹ், வெடியுப்பை மரச் சாம்பலின் துணையால் தூய்மை செய்யும் முறையை விரித்தெழுதினார். வானில் பாயும் வாணத்தை அவர் 'தய்யார்', அதாவது பறப்பது, என்று பெயரிட்டழைத்தார். அவருடைய நூல் போர்க்கலை பற்றியதாயினும், கலவைகளை வகைப்படுத்திச் சொல்லும் அதன் ஒழுங்கு ஓர் ஆசிரியரின் ஒழுங்கு.

எனினும் ஏட்டறிவு கருவியின் நுட்பத்தைக் காட்டித்தராது. அதற்கு நமது இளமைக்காலத்து நினைவொன்று துணைக்கு வந்தது. அடுத்த தெருவில் உரிமம் பெற்ற வாணக்காரர் ஒருவர் இருந்தார். கந்தூரிகளுக்கும் திருமணங்களுக்கும் பூவாணமும் எலிவாணமும் கட்டித்தருவார். ஊருக்கு வெளியே தனித்து நின்ற ஓலைக் கொட்டகையே அவரது பட்டறை. தொலைவில் நின்று வேடிக்கை பார்க்கும் அளவுக்கு மட்டுமே சிறுவர்க்கு இசைவு தருவார். மரத்தாலான கொட்டாப்புளி, மருந்து கெட்டிக்கும் மரக்கோல்கள், பித்தளைச் சல்லடை, காகிதம் சுற்ற ஓர் உருளைக் கட்டை ஆகியவற்றைத் தவிர வேறு கருவிகளை அவரிடம் நாம் கண்டதில்லை. இரும்புச் சுத்தியல் ஒன்றேனும் அங்கில்லை. காரணம் வினவியபோது அவர் சொன்னார்: "தம்பி, இரும்பு கோவக்காரன். கல்லு மேலே பட்டா உடனே பொறி கக்கும். மரமும் பித்தளையும் சாதுவான ஆளுங்க." பின்னர்த் தம் இரு கைகளையும் விரித்துக் காட்டி, "பத்து விரலும் இருக்குதில்ல? இதுதான் நான் வாங்கின சன்னது" என்றார். எழுபதை எட்டிய முதியவரின் அந்தப் பத்து விரல்களைக் காட்டிலும் மேலான சான்றிதழை அத்தொழிலில் எவரும் பெற இயலாது.

அவரை மனத்திற்கொண்டே மாணவரின் பட்டியலை ஆராயத் தொடங்கினோம். அதன் தலையில் இருந்தது ஒரு பவுண்டு வாணத்திற்கான கருவித் தொகுதி. இங்கே பவுண்டு என்பது வாணத்தின் எடையன்று. பழைய வழக்கின்படி, அந்த அச்சுக் குழலுக்குள் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டையின் எடையாகும். ஒரு பீடம், அதன் நடுவே நுனி நோக்கிச் சிறுத்து நிற்கும் தண்டு, தண்டின்மேல் இறங்குதற்கு ஏற்ப உள்ளே துளையிட்ட கெட்டிப்புக் கோல்கள் சில, இறுதியில் துளையற்ற கோல் ஒன்று: இவையே அத்தொகுதி. தண்டைச் சுற்றி மருந்து கெட்டிக்கப்படுவதால் வாணத்தின் உள்ளே குழிவு ஒன்று அமைகிறது. தீ பற்றும் பரப்பு அதனால் மிகுந்து, வாணம் மேலெழும் விசை பெறுகிறது. தண்டின் பருமனுக்கும் கோல்களின் துளைக்கும் உள்ள பொருத்தம் நுண்ணியது. ஆதலால் கடைசல் வேலை மிகுதி, விலையும் மிகுதி.

இங்குதான் சிக்கனத்தின் முதல் வாயில் திறக்கிறது. பூவாணத்திற்கு இத்தகைய நீண்ட தண்டு வேண்டுவதில்லை. சிறு பீடமும் ஓரிரு கோல்களுமே போதும். அன்றியும், பூவாணம் நின்ற இடத்தில் நின்று பூக்கும். பாயும் வாணமோ எவர் கூரையில் விழும் என்பதை எய்தவனும் அறியான். ஆகவே, "தொடக்கத்தில் பூவாணம் ஒன்றே, அதுவும் ஒரே அளவில் போதும். ஏழு அளவுகளில் கருவி வாங்குவது கலையன்று, கடைக்காரர்க்கு அளிக்கும் அன்பளிப்பு" என்று எழுதினோம். பட்டியலில் பாதிக்கு மேல் இதனாலேயே நீங்கிவிட்டது.

சிக்கனம் செய்யத்தக்க இடங்கள் வேறும் உள. காகிதக் குழல் சுற்றும் உருளையை மரத்தில் தாமே செய்துகொள்ளலாம். கொட்டாப்புளியை மரத்தில் கடைந்துகொள்ளலாம். ஒருவர் பயன்படுத்தி விற்கும் பழைய கருவியை வாங்குவதிலும் இழுக்கில்லை; தண்டு வளைந்துள்ளதா, கோலின் முனை நசுங்கி விரிந்துள்ளதா என்பதை மட்டும் நோக்கிக்கொள்ள வேண்டும். கலக்கும் தட்டுக்குத் தடித்த காகிதமே போதுமானது. நெகிழிப் பாத்திரம் வேண்டா. அது உராய்வினால் மின்னேற்றம் கொள்ளும். அதே காரணம் பற்றி நைலான் உடையை விலக்கிப் பருத்தியை உடுத்துவர். இவ்விரண்டிலும் மலிவானதே சிறந்ததாக அமைந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது.

சிக்கனம் நுழையவே கூடாத இடங்களும் உள. மருந்தோடு நேரே உறவாடும் கருவியில் இரும்பு ஆகாது. பித்தளை நன்று. அலுமினியமும் பெருவழக்கிலுள்ளது, ஆனால் துருப்பிடித்த இரும்பின்மேல் அது மோதினால் பொறி எழக்கூடும் என்பதால் இரும்பின் அண்மையில் அதனை வைத்தலாகாது. மரக்கடைக் கோல் விலை குறைந்தது, உண்மையே. எனினும் மென்மரம் பிளவுபடும். பிளவில் மணல் துகள் தங்கும். அடிக்கும்போது அத்துகளே பகையாகும். வாணக்காரரின் கோல்கள் மரமாயினும், கெட்டியான மரம். நாள்தோறும் துடைத்துப் பார்க்கப்பட்ட மரம்.

அடுத்தது சல்லடை. கலவைக்கொரு சல்லடை என்பது மாறா விதி. ஒரு சல்லடையின் விலையை மிச்சம் பிடிக்க விரும்பி, குளோரேட்டு உப்புக் கலவையைச் சலித்ததிலேயே கந்தகக் கலவையைச் சலிப்பானாயின், கண்ணுக்குத் தெரியாத எச்சம் இரண்டையும் சந்திக்கச் செய்துவிடும். அவ்விரண்டையும் வாணத்தில் ஒன்றுசேர்ப்பதை இங்கிலாந்து 1894ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. பெற்ற அனுபவத்தின் கொடுமையை அத்தடையே உணர்த்தும்.

இனி, மிக்ஸி. எஃகு அலகு, சுழலும் வேகம், உள்ளே பொறி எழுப்பும் மின்னோட்டக் கருவி. தீயைக் கேட்டு வாங்குவதற்கு இதனினும் பொருத்தமான இயந்திரத்தை எவரும் படைக்க இயலாது. தப்பிப் பிழைத்தாலும் அது மீண்டும் அடுக்களைக்கு வரத்தக்கதன்று. அதன் மூலைகளில் தங்கிய நஞ்சு குழந்தைகளின் உணவில் கலக்கும். "அடுக்களையிலிருந்து எதுவும் பட்டறைக்குப் போகலாகாது, பட்டறையிலிருந்து எதுவும் அடுக்களைக்குத் திரும்பலாகாது. நும் மனைவியார் எழுதிய இரண்டு வரிகளே இம்மடலின் ஃபத்வா என்று கொள்க" என்று எழுதினோம்.

இஸ்ராஃப் பற்றிய வினாவுக்கும் விடை அதிலேயே அடங்கிவிட்டது. தேவைக்கு மேற்பட்ட அளவுகளையும் அழகுகளையும் வாங்குவது வீண்செலவு. உடலோ அமானத்து, அதைக் காப்பதற்குத் தரும் விலை வீண்செலவு ஆகாது. அதைக் குறைத்துக் கணக்கில் மீதம் காட்டுவதுதான் பெரிய வீண்செலவு. பித்தளைச் சல்லடைக்கும் முகக்கவசத்திற்கும் தர இயலாத கையில் இப்பொழுதுபோக்கைத் தொடங்குவதற்கான பணமே இல்லை என்பது பொருள். அவ்வாறாயின் காத்திருப்பதே முறை.

எல்லாவற்றினும் மலிவான வழி ஒன்றையும் குறித்தோம். கழகத்து மூத்தவர் ஒருவரின் அருகிருந்து, அவருடைய கருவியாலேயே ஓராண்டு பழகுவதுதான் அது. எக்கலவையைக் கொட்டாப்புளியால் அடிக்கலாம், எதனை அடிக்கவே கூடாது என்பதை விலைப்பட்டியல் சொல்லாது, உஸ்தாது சொல்வார். சட்டத்தையும் அவரே அறிவார். சொந்தப் பயனுக்காகச் செய்வதற்கு அமெரிக்க மத்திய அரசு இடமளிக்கினும், சேமித்து வைப்பதற்கும் கொண்டுசெல்வதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. மாநிலச் சட்டமும் ஊர்ச் சட்டமும் அதன்மேல் உள்ளன.

நம் நாட்டு வாசகர்க்கு இங்கொரு சொல். இந்தியாவில் 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008ஆம் ஆண்டின் விதிகளும் நடைமுறையில் உள்ளன. உரிமமின்றி வீட்டில் வாணம் செய்வது குற்றம். அச்சட்டம் வீணே எழுந்ததன்று. 2012 செப்டம்பர் 5ஆம் நாள், சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியின் பட்டாசு ஆலையொன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மாய்ந்தன. தொழிலாகச் செய்யுமிடத்திலேயே அவ்வாறெனில், வீட்டு முற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வாணத்தில் ஆர்வங்கொண்ட பிள்ளைகள் நம் வீடுகளில் இருப்பின், வேதியியல் பாடத்தை ஊன்றிப் படிக்கச் செய்வோம். கருவி வாங்கித் தரவேண்டா.

மூன்று திங்கள் கழித்து மாணவரின் மறுமொழி வந்தது. பட்டியலைக் கிழித்துவிட்டாராம். ஊர்ப்புறத்தில் பண்ணை வைத்திருக்கும் கழகத்து முதியவர் ஒருவரிடம் சனிக்கிழமைதோறும் சென்று, இப்போதைக்குக் காகிதக் குழல் சுற்ற மட்டும் கற்று வருகிறாராம். அவர் வாங்கிய பொருள்கள் இரண்டே: ஒரு முகக்கவசம், ஒரு பித்தளைச் சல்லடை. மனைவியாரின் வரி இம்முறையும் அடியில் இருந்தது: "ஹஜ்ரத், சல்லடையின்மேல் 'சமையலுக்கு அன்று' என்று அவர் கையாலேயே தமிழில் எழுதி ஒட்டச் செய்துவிட்டேன்."

நஹ்வு ஓதாமல் கிதாபு திறப்பவன் பிழையாகப் படிப்பான். அப்பிழையைத் திருத்த ஆசிரியர் உண்டு, மறுநாளும் உண்டு. தீயோடு பழகும் கலையில் பிழை திருத்த மறுநாள் கிடைப்பது அரிது. ஆதலால் பணத்தை எங்கே மிச்சம் பிடிப்பது என்பதை அறிவதற்கு முன், எங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதை அறிந்துகொள்வோமாக.