நிலவறை வாசலில் நிற்கும் படகு

ஒல்லாந்து தேசத்தின் நடுவிலுள்ள உத்ரெக்ற் நகருக்குச் செல்வோர் அங்குள்ள 112 மீற்றர் உயரத் தேவாலயக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பது வழக்கம். நாமோ தெருவோரக் கைப்பிடியிற் சாய்ந்து, கீழே ஓடும் கால்வாயைப் பார்த்தே பெரும்பொழுதைப் போக்கினோம்.

ஔடெகிராக்ற், அதாவது 'பழைய கால்வாய்', என்பது அதன் பெயர். நீர்மட்டம் தெருவினும் மிகத் தாழ்ந்தது. நீரோரத்தில் கல் பாவிய துறை. அத்துறையை ஒட்டி, தெருவின் அடியிலேயே வளைவுக் கூரையுடைய நிலவறைகள். படகில் வந்த பீப்பாவைத் துறையில் இறக்கி நேரே வணிகனின் வீட்டினடிக்கு உருட்டிவிடலாம். 13ஆம் நூற்றாண்டளவிலே தொடங்கிய ஏற்பாடு இது. யாழ்ப்பாணத்தில் ஐங்கோணக் கோட்டை எழுப்பிய ஒல்லாந்தர், தம் ஊரில் சரக்கிறக்கக் கண்ட வழி நம்மை வியக்கவைத்தது.

லொறிகள் வந்ததும் துறைகள் ஓய்ந்தன. நிலவறைகள் உணவுச்சாலைகளாயின. ஆனால் அவற்றின் கூரைதானே தெரு! பாரவண்டிகள் ஓட ஓடப் பழைய வளைவுகள் நலிந்தன. ஆகவே கால்வாயோரத் தெருக்களில் வண்டிகளின் எடைக்கு வரம்பு விதித்தனர்.

1996இல் நகரசபை பழைய வழியையே மீண்டும் திறந்தது. 'பியர்ப் படகு' என்று அதற்குப் பெயர். பெற்றோர் முகஞ்சுளிக்க வேண்டா; உணவுப் பொருள்களும் அதில் வருகின்றன. 2010இல் மின்கலத்தால் ஓடும் படகு சேர்ந்தது. படகிலுள்ள பாரந்தூக்கி பெட்டிகளைத் தூக்கித் துறையில் வைக்கிறது. வெற்றுப் பெட்டிகள் அதே படகில் திரும்புகின்றன. புகையுமில்லை, இரைச்சலுமில்லை.

மின்சாரத்தைவிட முக்கியமானது வேறொன்று என்பது நம் கருத்து. பல மொத்த வியாபாரிகளின் சரக்கு ஒரே படகில் ஏறுகிறது. கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு கடைக்குப் பத்துப் பெட்டி இறக்க ஒரு லொறி வழியை மறித்து நிற்க, நாட்டாமைகள் கைவண்டியுடன் காத்து நிற்பதைக் கண்டோர்க்கு இதன் அருமை விளங்கும். பாதி வெறுமையான லொறிகள் அனைத்தும் மின்லொறிகளானாலும் தெரு அடைபட்டே கிடக்கும்.

படகு எங்கும் செல்லாது. கால்வாய்க்கு அப்பாலுள்ள கடைகளுக்காக, சிறு பெட்டிகளைத் தொடராகப் பூட்டிய 'கார்கோஹொப்பர்' என்னும் மின்வண்டியை 2009இல் ஓடவிட்டனர். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகந்தான். ஆயினும் சந்துகளில் விரைவு எதற்கு?

2025 ஜனவரி 1 முதல் நகர நடுவில் புகைவிடாச் சரக்கு வண்டிகளுக்கான வலயம் நடைமுறைக்கு வந்தது. புதிதாகப் பதிவாகும் சரக்கு வண்டி அங்கு புகை கக்கலாகாது. பழைய வண்டிகளிற் சிலவற்றுக்கு மட்டும் சில ஆண்டுகள் தவணை உண்டு. ஒரேயொரு வண்டியை வைத்துப் பிழைக்கும் பூக்கடைக்காரர், தச்சர் போன்றோர்க்கு அத்தவணை முடியுமுன் மின்வண்டிக்குப் பணம் தேட வேண்டும், அல்லது பிறருடைய வண்டியில் தம் சரக்கையும் ஏற்றிவிட வேண்டும்.