நரம்புச் சிலந்தியும் ஊருணித் தண்ணியும்

எங்க பக்கத்துப் பெருசுக யாராவது "நரம்புச் சிலந்தி" என்று சொன்னால் எட்டுக்கால் பூச்சியை நினைத்துக்கொள்ளாதீர்கள். பழைய பேச்சில் சிலந்தி என்றால் கட்டி, கொப்புளம் என்றும் அர்த்தம் உண்டு. இது ஒரு புழு. புத்தகத்தில் கினியா புழு என்று போட்டிருக்கும். எங்க அம்மாச்சியின் கணுக்காலுக்கு மேலே விரல் நீளத்துக்கு வெளுத்த தழும்பு ஒன்று உண்டு. புழு வெளியே வந்த வாசல் அது. அவங்க பிறந்தது கமுதிப் பக்கம். வாக்கப்பட்டு ஆனையூருக்கு வந்த பிறகு குடித்தது கிணத்துத் தண்ணி. "இங்க வந்த பெறகுதான்யா என் காலு தப்பிச்சது" என்பார்கள்.

அவங்க ஊரில் கிணறு தோண்டினால் உப்புத்தண்ணி. குடிக்க ஊருணிதான், மழைத்தண்ணியைத் தேக்கி வைக்கிற குளம். கோடையில் தண்ணி கீழே போகப் போக படியிறங்கி, முழங்கால் அளவு உள்ளே நடந்து, குடத்தை அமுக்கி மொண்டு வருவார்கள். கால் நனைகிற இடமும் குடிக்கிற தண்ணியும் ஒன்றே. புழுவுக்கு அது போதும்.

அந்தத் தண்ணியில் சைக்ளோப்ஸ் என்று ஒரு நுண்ணிய பூச்சி நீந்திக்கொண்டிருக்கும். கடுகைவிடச் சின்னது. புழுவின் குஞ்சு அதன் வயிற்றுக்குள் இரண்டு வாரம் வளரும். நாம் தண்ணியைக் குடிக்கும்போது பூச்சியும் உள்ளே போகிறது. இரைப்பையில் பூச்சி செத்துப்போகும், குஞ்சு சாகாது. குடலைத் துளைத்து உடம்புக்குள் இறங்கிவிடும். ஆண் புழு இணைசேர்ந்ததும் கதை முடிந்தது. பெண் புழு ஒரு வருசம் போல உள்ளேயே இருந்து மூன்றடி வரை வளர்ந்து, பெரும்பாலும் காலுக்கு வந்து சேரும். அதுவரை ஆளுக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரு கொப்புளம், நெருப்பு வைத்த மாதிரி எரிச்சல். எரிகிற காலை எங்கே வைப்பான் மனுசன்? தண்ணியில்தான். வைத்ததும் புழு லட்சக்கணக்கில் குஞ்சுகளைக் கக்கும். சைக்ளோப்ஸ் அதைத் தின்னும். நம்மை எரிய வைத்து, நம்ம காலாலேயே தன் பிள்ளைகளைத் தண்ணிக்குக் கொண்டுபோக வைக்கிற புத்தி!

பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இப்படி இடம் கொடுக்கிற உடம்பை விருந்தோம்பி என்று எழுதியிருக்கிறார்கள். சிரிப்பாக வந்தது. கூப்பிடாமல் வந்து வருசக்கணக்கில் உட்கார்ந்திருப்பது விருந்தாளியா? ஆனால் ஒன்று, ஒட்டுண்ணி பொதுவாக வீட்டை உடனே இடிக்காது. ஆள் செத்தால் அதற்கும் போக்கிடமில்லை. இந்தப் புழுவால் செத்தவர்கள் குறைவுதான். ஆனால் களையெடுப்பு நேரத்தில் இரண்டு மாசம் கால் ஊன்ற முடியாமல் கிடந்தால் கூலிக் குடும்பம் என்ன ஆகும்? ஒரு குச்சியில் சுற்றி, நாளைக்கு ஓரிரு அங்குலம் என்று பொறுமையாக இழுக்க வேண்டும். பாதியில் அறுந்தால் கால் சீழ் வைத்துவிடும். அம்மாச்சிக்கு அறுந்தது.

இதற்கு இன்று வரை தடுப்பூசியும் இல்லை, கொல்கிற மாத்திரையும் இல்லை. 1983-84ல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டையும் சேர்த்து ஏழு மாநிலங்களில் இது இருந்தது. 1984ல் மட்டும் நாட்டில் சுமார் 40 ஆயிரம் பேருக்கு. துணியால் தண்ணியை வடிகட்டு, புண் உள்ளவன் காலைத் தண்ணியில் வைக்காதே, படிக்கிணற்றுக்குச் சுவர் எழுப்பு, கைப்பம்பு போடு. இவ்வளவுதான் வைத்தியம். சைக்ளோப்ஸைக் கொல்ல டெமிஃபாஸ் ஊற்றினார்கள். டெங்கு சமயத்தில் உங்க வீட்டுத் தொட்டியில் ஊற்றுகிறார்களே அபேட், அதேதான். தமிழ்நாடு எண்பதுகளின் முதல் பாதியிலேயே கழன்றுகொண்டது. இந்தியாவின் கடைசி நோயாளி 1996 ஜூலையில், ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில். 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. உலகத்துக்கே இன்னும் முடியவில்லை. ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் நாய்களிடம் இந்தப் புழு பரவிக் கிடக்கிறது. மனுசனுக்குச் சொல்லலாம், நாய்க்கு யார் சொல்வது?

எனக்கு இது ஆடு வளர்க்கிறதில் தினப்படி தெரிகிற சங்கடம். கல்லீரல் தட்டைப்புழுவுக்கும் கணக்கு இதே மாதிரிதான், சைக்ளோப்ஸ் இடத்தில் நத்தை. ஆட்டுப் புழுக்கையோடு வரும் முட்டை தண்ணியில் பொரிந்து, நத்தைக்குள் பெருகி, வெளியே வந்து கண்மாய்க் கரைப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். ஆடு அந்தப் புல்லைக் கடிக்கும். தாடைக்குக் கீழே பை மாதிரி தண்ணி கோத்து நிற்கிறபோதுதான் நமக்கு விசயம் தெரியும், அதற்குள் ஈரல் பாதி போயிருக்கும். துணி கட்டி வடிகட்ட இங்கே வழியில்லை. தண்ணி வற்றி ஓரத்தில் பச்சைப்புல் தலைகாட்டுகிற நாட்களில் ஆட்டை அங்கே விடாமல் இருக்கலாம். அந்த நேரம் பார்த்து மேட்டு நிலமெல்லாம் காய்ந்து கிடக்கும். ஆனையூர் மாநகராட்சிக்குள் வந்து வீடுகள் பெருகினதில் மேய்ச்சலுக்கு மிச்சம் இருப்பதும் அந்தக் கரைதான். அதனால் அகத்தியும் சோளத்தட்டையும் கொட்டிலில் கட்டி, வாளித் தண்ணி வைத்து, கால்நடை மருத்துவர் சொல்கிற மாசத்தில் மருந்து ஊற்றிக்கொண்டிருக்கிறேன். போன தையில் இரண்டு கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு நேரே கரைக்குத்தான் ஓடின.