கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாடு

எங்கள் ஊரில் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போனதற்குக் கடற்கரையில் ஏலம் நடக்கும் நேரம்தான் பெரிய காரணம். ராத்திரி வலைவிடப் போன வள்ளங்கள் விடியும்போது கரை பிடிக்கும். ஏலம் கூறுகிறவர் வாயைத் திறக்கும் முன்பே பெண்கள் அங்கே நிற்க வேண்டும். சாளையோ நெத்திலியோ எடுத்துக் கூடையில் போட்டு, ஐஸ் தூவி, திருச்செந்தூர் போகிற முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் அன்றைய வட்டிக்காவது தேறும். இதில் அடுப்பு மூட்ட எந்தத் தாய்க்கு நேரம் இருக்கும்? பழைய சோறு மிஞ்சியிருந்தால் உண்டு. இல்லாவிட்டால் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குத் தலைசீவிவிட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும். காலைச் செபத்தில் வரிசையில் நின்றபடியே மயங்கிச் சரிந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதற்காகவே சிஸ்டர்மார் மடத்தில் ஒரு டப்பா நிறைய வறுகடலையும் உடன்குடிக் கருப்பட்டியும் வைத்திருந்தார்கள்.

மணப்பாடு தாண்டி உவரிக்குப் போகிற கடற்கரைச் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று இந்த முறை நான் போய்ச் சேர்ந்தது ஆடிமாதத்தில். கச்சான் காற்று மணலை அள்ளி வீட்டுக்குள் கொட்டுகிற மாதம்; பாதி நாள் வள்ளங்கள் கரையிலேயே கிடக்கும். பள்ளிக்கூடம் திறந்து நோட்டு, சீருடை, செருப்பு என்று செலவு வரிசைகட்டும்போதுதான் எங்களுக்கு மீன்பாடு குறையும். அப்படிப்பட்ட ஒரு புதன்கிழமை காலையில், நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பங்குப் பள்ளிக்கூடத்துக்குள் நெடுங்காலத்துக்குப் பிறகு நுழைந்தேன். மணி எட்டேகால் இருக்கும். வராந்தாவில் பிள்ளைகள் சம்மணமிட்டு உட்கார்ந்து பொங்கலும் சாம்பாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை. பசித்த பிள்ளை சாப்பிடும்போது பேசாது.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கியபோது அரசுப் பள்ளிகளுக்கு மட்டும் இருந்தது. எங்களுடையது அரசு உதவிபெறும் பள்ளி: ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது, கட்டடமும் நிர்வாகமும் திருச்சபையுடையது, பங்குச்சாமியார்தான் தாளாளர். அதனால் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் பிள்ளைகள் கிச்சடி சாப்பிட்டுக்கொண்டிருக்க, அதே கடலையும் அதே ஏலத்தையும் நம்பியிருந்த எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்காத காலம் ஒன்று இருந்தது. 2024 ஜூலை 15, காமராசர் பிறந்தநாளன்று, திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் பள்ளியில் வைத்து, ஊரகப் பகுதிகளில் உள்ள 3,995 உதவிபெறும் பள்ளிகளுக்கும் திட்டத்தை விரித்தார்கள். நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு அடுத்த ஆண்டு வந்தது. ஒரு பிள்ளையின் பசிக்கும் அந்தப் பள்ளியை நடத்துகிறவர் யார் என்பதற்கும் தொடர்பில்லை என்று அரசாங்கம் ஒத்துக்கொண்ட நாள் அந்த ஜூலை 15. அந்தத் தீர்மானத்தை எடுத்தவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

சமைப்பவள் என்னோடு படித்தவள். மகளிர் குழுவில் இருக்கிறாள். அதிகாலையிலேயே வந்து அடுப்பைப் பற்றவைத்துவிடுகிறாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏட்டி, நீ இருக்க ஊருல பள்ளிக்கூடத்துல புள்ளையளுக்குச் சோறு போடுதாவளா?”

நான் நர்சாக வேலை பார்ப்பது அயர்லாந்தில். அங்கேயும் தொடக்கப் பள்ளிகளில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது கத்தோலிக்கப் பள்ளிகள்தான். என் மகன் படித்ததும் அப்படி ஒன்றில்தான். கோயிலை ஒட்டிய கட்டடம், புதுநன்மை என்கிற முதல் நற்கருணைக்குப் பிள்ளைகளைத் தயாரிப்பதும் பள்ளிதான். ஆனால் மதியத்துக்கு அவன் ஆறிப்போன ரொட்டியை டப்பாவில் கொண்டுபோனான். சூடான சாப்பாடு கொடுக்கும் திட்டம் அங்கே 2019-இல்தான் சில பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கி, பிறகு பரவியது. அவன் பள்ளிக்கு அது வருவதற்குள் அவன் வளர்ந்து வெளியே போய்விட்டான். இதைச் சொன்னதும் அவள் நம்பவில்லை. “வெள்ளக்காரன் ஊருலயா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

காமராசர் மதிய உணவைத் தொடங்கியது 1956-இல். அதன் பிறகு கோயில் வழியாக வந்த அமெரிக்கப் பால்பவுடரையும் கோதுமை உப்புமாவையும் சாப்பிட்டு வளர்ந்தவள் என் அம்மா. 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கிய மறு ஆண்டு நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். அப்போது முட்டை கிடையாது. நான் ஐந்தாம் வகுப்பு முடித்த பிறகு, 1989-இல், இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்து என் தம்பி தட்டில் விழுந்தது. இப்போது பள்ளி நாள் ஒவ்வொன்றிலும் முட்டை. எங்கள் வீட்டில் மூன்று பேரின் உடம்பைப் பார்த்தாலே இந்த வரலாறு தெரியும்: அம்மா குள்ளம், நான் அவளை விட உயரம், தம்பி என்னையும் விட உயரம்.

சோறு ஒரு பக்கம். பள்ளிக்கூடம் ஊரோடு எப்படி ஒட்டியிருந்தது என்பதை வெளியே வளர்ந்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். இந்தக் கரைக்கு 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் கையில் ஒரு மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டித்தான் வேலையைத் தொடங்கினார். அந்த ஆண்டு அக்டோபரில் எழுதிய கடிதத்தில், பிள்ளைகள் தன்னை உண்ணவும் உறங்கவும் விடுவதில்லை என்று சொல்கிறார். தன்னால் போக முடியாத நோயாளிகளின் வீடுகளுக்குப் பிள்ளைகளையே செபிக்க அனுப்பியதை 1544 ஜனவரிக் கடிதத்தில் சொல்கிறார். பிள்ளைகளைச் சுற்றித்தான் ஊர் கூட வேண்டும் என்ற பழக்கம் அங்கிருந்து வந்திருக்கலாம். கோயில், கெபி, சிஸ்டர்மார் மடம், பள்ளிக்கூடம் நான்கும் ஒரே மதிலுக்குள். ஒரு வீட்டில் சண்டை நடந்தால் மறுநாள் அந்தப் பிள்ளை கணக்கைத் தப்பாகப் போடும் முன்பே சிஸ்டருக்குத் தெரியும். வின்சென்ட் தே பவுல் சபையார் யாருக்குச் சிலேட்டு இல்லை என்று கேட்டுப் போவார்கள். புதுநன்மைக்கு எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் ஒரே துணியில் சிஸ்டர்மாரே கவுன் தைத்தார்கள். வள்ளக்காரர் மகளும் கூலிக்குப் போகிறவர் மகளும் அன்று ஒரே மாதிரி இருந்தோம். அந்தத் துணிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று இன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அப்படிச் செய்வதுதான் சரி.

அடியும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. கடற்கரையில் அம்மாவுக்குக் கூடை தூக்கிவிட்டுப் பிந்தி வந்த பிள்ளை, பிந்தி வந்ததற்காகப் பூவரசங்கம்பால் அடிவாங்கும். உள்ளங்கையில் மீன்செதிலோடு அடிவாங்கிய சிறுவன் ஒருவன் மூன்றாம் வகுப்போடு நின்றுபோனான். பசியைப் புரிந்துகொண்ட அதே பெரியவர்கள் இதைப் புரிந்துகொள்ளாமல் போனது எனக்கு இன்னமும் வலிக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளைகளின் உடம்பை மட்டுமின்றி மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. இப்போது அந்த வராந்தாச் சுவரில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பெரிதாக எழுதியிருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அதைத் தடவித் தடவி வாசித்துக்காட்டியது.

தலைமையாசிரியர் ஒரு சிஸ்டர். எங்கள் கரையைச் சேர்ந்தவரல்ல, ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் வீடும் அவருக்குத் தெரியும். அவர் சொன்னவற்றுள் என் மனத்தில் தைத்தது ஒரு சிறுவனைப் பற்றியது. அவன் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அப்படிக் காணாமல் போனவரைச் சட்டம் சாதாரணமாக ஏழு ஆண்டு கழித்தே இறந்தவராகக் கொள்ளும். அதுவரை அந்தத் தாய்க்கு இறப்புச் சான்று இல்லை, அதைக் கேட்கிற உதவிகளும் இல்லை. படிவத்தில் தந்தை பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று பையன் கேட்டிருக்கிறான். “பேரை மட்டும் எழுதுப்பா, வேற ஒண்ணும் போட வேண்டாம்னு சொன்னேன். அன்னைக்கு முழுக்க அவன் என் மேசைப் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தான். நானும் போகச் சொல்லல” என்றார் சிஸ்டர். கடலில் காற்று மாறினால் அவன் பாடத்தை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்ப்பான். அப்போது அவனைக் கரும்பலகை துடைக்கக் கூப்பிடுவார்களாம். மனநல ஆலோசகர் என்று தொடக்கப் பள்ளியில் யாரும் கிடையாது. பிள்ளையைத் தெரிந்த ஒரு பெரியவர் தினமும் அதே இடத்தில் இருக்கிறார், அவ்வளவுதான். மருத்துவமனையில் வேலை பார்க்கிற எனக்கு அதன் மதிப்பு தெரியும்.

ஆனால் அந்தப் பெரியவர்கள் இப்போது இரண்டே பேர். என் காலத்தில் ஒவ்வொரு வகுப்பும் இரண்டு பிரிவு. ஒரு பெஞ்சில் ஆறு பேர் நெருக்கியடித்து உட்காருவோம். இப்போது ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 57 பிள்ளைகள். கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், அதற்கு மேல் போனால்தான் மூன்றாவது. ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொள்கிறார். மற்றவர் நான்கையும் ஐந்தையும் நடத்திக்கொண்டே தலைமையாசிரியர் வேலையையும் பார்க்க வேண்டும். அவர் கல்வி அலுவலகத்துக்குப் போகிற நாளில் எல்லாரும் ஒரே அறைக்குள்.

மீதிப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று தெரிந்துகொள்ளக் காலையில் ரோட்டில் நின்றால் போதும். மஞ்சள் வேன்கள் வரிசையாக வந்து டை கட்டிய பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஆங்கிலப் பள்ளிகளுக்குப் போகின்றன. பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். மகன் வள்ளத்தில் ஏறக் கூடாது என்று நினைக்காத மீனவத் தாய் கிடையாது. அதற்கு ஆங்கிலம்தான் வழி என்று அவள் நம்புகிறாள். அதற்காகக் குழுக்கடன் வாங்குகிறாள், கம்மலை அடகு வைக்கிறாள். கட்டணம் பிந்திப்போனால் பிள்ளை வகுப்புக்கு வெளியே நிற்பதையும் பொறுத்துக்கொள்கிறாள். இது ஒன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பங்குப் பள்ளியில் இன்று இருப்பவர்கள் வேனுக்குக் காசில்லாதவர்களின் பிள்ளைகள். தாய்தகப்பன் வளைகுடாவிலோ திருப்பூரிலோ இருக்க, பாட்டியிடம் வளர்பவர்கள். மேற்கே தேரிக்காட்டுப் பக்கத்துக் குக்கிராமங்களிலிருந்து நடந்து வருகிற இந்துப் பிள்ளைகள். அவர்கள் தொகை பாதிக்கு மேல். எங்கள் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும்போது அவர்களுக்கு நன்னெறி வகுப்பு. மதியம் எல்லாருக்கும் ஒரே பானைச் சோறு. கடற்கரை ஊர்ப் பிள்ளையும் பனங்காட்டுப் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவது என் சிறுவயதில் இல்லாத காட்சி.

இதையெல்லாம் வைத்துத்தான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நடந்த கூட்டத்தில் எழுந்து பேசினேன். வெளிநாட்டிலிருந்து நாங்கள் அனுப்பும் பணம் எதற்குப் போகிறது என்று ஊருக்கே தெரியும். கோபுரத்துக்கு வண்ணவிளக்கு, திருவிழாவுக்கு வாணவேடிக்கை, சாலையோரத்தில் பெயர் பொறித்த அலங்கார வளைவு. கோயிலுக்குச் செய்வதை நான் தப்பென்று சொல்லவில்லை. அந்தக் கோபுரத்தைக் கடலிலிருந்து பார்த்துத் திசை பிடித்தவர்களின் மகள் நான். ஆனால் அதே மதிலுக்குள் கழிப்பறைத் தொட்டியில் மதியத்துக்கு மேல் தண்ணீர் இல்லை. பெண்பிள்ளைகள் தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் வருகிற நீர்க்கடுப்பை வார்டில் தினமும் பார்க்கிறவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன் என்றேன். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியரைப் பங்கே சம்பளம் கொடுத்து வைக்கலாம், வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் அதைப் பங்குபோட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னேன்.

பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். வளைவுக்கு ஏற்கனவே அச்சாரம் கொடுத்தாகிவிட்டது என்று ஒருவர் சொன்னார். பங்குச்சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தண்ணீர் மோட்டார் உடனே மாற்றப்படும், ஆசிரியர் விஷயத்தை அன்பியம் என்கிற பங்குக் குடும்பக் குழுக்களின் கூட்டங்களில் வைத்துப் பேசலாம் என்றார். மோட்டார் நான் கிளம்புவதற்குள் வந்துவிட்டது. ஆசிரியர் பற்றிய பேச்சு இன்னும் நடக்கிறது. மஸ்கட்டிலும் துபாயிலும் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களிடம் நான் போனில் பேசி வருகிறேன். சிலர் சரி என்கிறார்கள், சிலர் திருவிழா முடியட்டும் என்கிறார்கள்.

என் சித்தி மகளின் பிள்ளை ஒன்றாம் வகுப்பு, வேனில் போகிறது. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தவள் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தாள். “அக்கா, இங்கிலீசு டீச்சர் உறுதியா வாராவன்னா நான் அடுத்த ஜூனுல இவளை இங்க கொண்டாந்து சேத்துருதேன். எனக்கும் கடன் குறையும்” என்றாள். அவள் தெருவில் இன்னும் மூன்று தாய்மார் அப்படி யோசிக்கிறார்களாம். அந்த நான்கு பிள்ளைகள் வந்தால் 61.