ஒரே அடுப்பு, நான்கு வயது

திருத்தணி மலைக்கோயிலில் 2021 செப்டம்பரிலிருந்து நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. பழனியிலும் ஸ்ரீரங்கத்திலும் முன்பே இருந்த ஏற்பாடு அந்த ஆண்டுதான் சமயபுரம், திருச்செந்தூரோடு சேர்த்து இங்கும் வந்தது. அந்தப் பந்தியில் எல்லா வயதும் உட்காருகிறது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய கைக்குழந்தை தாய் மடியில். பக்கத்தில் பத்தாம் வகுப்புப் பெண். அவளுக்கு அடுத்து, படியேறி வந்த களைப்பில் தாத்தா. எல்லோருக்கும் ஒரே சோறு, ஒரே சாம்பார், ஒரே மோர். ஆள் பார்த்துப் பரிமாறாமல் இருப்பதுதான் கோயில் பந்தியின் அழகு.

வீட்டுப் பந்திக்கு அது போதாது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவுகளின்படி, பதினாறு முதல் பதினெட்டு வயதுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 32 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். வளர்ந்த ஆணுக்கு 19 போதும். பிள்ளை பெற்றுப் பால் கொடுப்பவளுக்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட 600 கிலோகலோரி கூடுதலாக வேண்டும். கர்ப்ப காலத்துக் கூடுதலோ 350-தான். ஆளுக்கொரு சமையல் செய்ய எந்த வீட்டில் ஆளிருக்கிறது? அடுப்பு ஒன்றுதான். அந்த ஒரு அடுப்பில் வெந்ததை யார் தட்டில் எதை, எவ்வளவு, எந்த வரிசையில் வைப்பது என்பதுதான் உணவுத் திட்டம். அச்சிட்ட அட்டவணைகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை.

திருத்தணி வீடுகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. கோடு மாறினாலும் அடுப்பு மாறவில்லை. நகரி, புத்தூர்ப் பக்கம் ராகி சங்கட்டி என்றால் இந்தப் பக்கம் கேழ்வரகுக் களி. தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னி, புளிச்சகீரைக் கடைசல், வசதியும் விருப்பமும் இருந்தால் கருவாட்டுக் குழம்பு. ஆடி பிறந்துவிட்டால் அம்மன் கோயில்களில் கூழ்.

இந்தச் சாப்பாட்டின் அருமை எண்களில் தெரியும். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 360 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதே அளவு தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூடத் தேறாது. வேர்க்கடலையில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகப் புரதம். கறி வாங்க முடியாத நாளிலும் களியும் கடலைச் சட்னியும் கீரையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். 2011-இலிருந்து ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியைப் போக்கிய பெரிய காரியம் அது, குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் மூன்று வேளையும் அரிசி என்று ஆனபோது களி கிண்டும் துடுப்பு பல வீடுகளில் பரணுக்குப் போய்விட்டது. தருமபுரியிலும் நீலகிரியிலும் 2023-இல் ரேஷன் கடை வழியாகக் கேழ்வரகு கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். எல்லைப்புறத் தாலுக்காக்களுக்கும் அது வர வேண்டும்.

குழந்தையிலிருந்து தொடங்கலாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், வெறும் தண்ணீரும் வேண்டாம். அதன்பிறகு பால் மட்டும் பற்றாது. பிறக்கும்போது உடம்பில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து அந்த வயதில் தீரத் தொடங்கிவிடும். கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைக்கிற பாட்டிகளின் பழக்கத்தில் நுட்பமான அறிவு இருக்கிறது. முளைவிடும்போது தானியத்துக்குள் ஊறும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால், கூடுதல் மாவு போட்டாலும் கஞ்சி கெட்டிப்படாது. சின்ன வயிற்றுக்குள் ஒவ்வொரு கரண்டியிலும் அதிகச் சத்து போகும். தானியத்தில் உள்ள இரும்பையும் சுண்ணாம்பையும் கட்டிவைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலமும் குறையும். கஞ்சியில் சர்க்கரை வேண்டாம். இரண்டு வயது வரை தள்ளியே வைக்கலாம்.

மலைக்கோயிலுக்கு மொட்டையடிக்க வருகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். பஞ்சாமிர்தத்தில் தேன் உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில், தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி வளர்ந்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கலாம். அரிதாக நடப்பதுதான், நடந்தால் உயிருக்கே ஆபத்து. நாக்கில் தொட்டு வைப்பதைப் பிறந்தநாள் வரை தள்ளிப்போட்டால் முருகன் கோபிக்கப் போவதில்லை.

பள்ளிக்கூட வயதுக்குத் தமிழ்நாடு செய்திருப்பதைப் போல வேறு மாநிலம் செய்திருப்பதைக் காண்பது அரிது. காமராசர் 1956-இல் தொடங்கிய மதிய உணவு, எம்.ஜி.ஆர். 1982-இல் விரிவாக்கிய சத்துணவு, 1989-இல் அதில் சேர்ந்த முட்டை, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலைச் சிற்றுண்டி. அந்தச் சிற்றுண்டி கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில் விரிந்தபோது, தொடக்க விழா நடந்தது இதே திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில். சிற்றுண்டி ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளையின் உடம்பு அப்போதுதான் வேகமாக வளரத் தொடங்குகிறது. காலையில் பஸ் பிடிக்க ஓடும் பிள்ளைக்கு அந்த இடைவெளியை வீடுதான் நிரப்ப வேண்டும்.

பெண்பிள்ளை என்றால் இடைவெளி இன்னும் பெரிது. வயதுக்கு வந்தவுடன் உளுந்தங்களி, வெல்லம், நல்லெண்ணெய், முட்டை என்று தாய்மாமன் வீடும் அத்தை வீடும் போட்டி போட்டுக்கொண்டு கொண்டுவருவார்கள். அருமையான சாப்பாடு. ஆனால் தண்ணீர் ஊற்றிச் சடங்கு முடிந்ததும் அதுவும் முடிந்துபோகும். மாதாமாதம் இரத்தம் போவதோ அப்போதுதான் தொடங்கியிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரண்டு பேரில் ஒருத்திக்கும் மேல்! பள்ளியில் தலைசுற்றி உட்காரும் பெண்ணை ‘சோம்பேறி’ என்று திட்டுகிற வீடுகளில் இந்த எண்ணைச் சுவரில் எழுதி வைக்கலாம். முருங்கைக்கீரை, வேர்க்கடலை, முட்டை, முடிந்தால் கறியோ ஈரலோ. கூடவே ஒரு துண்டு எலுமிச்சை அல்லது கொய்யா, நெல்லிக்காய். கீரையில் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அவற்றில் இருக்கும் வைட்டமின் சி உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் பாதி பலன் போய்விடும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்கட்டும்.

வளைகாப்பில் அடுக்கி வைக்கிற கலந்த சாதங்களில் தாராளம் தெரியும். பிள்ளை பிறந்தபின் வருகிற பத்தியத்தில் அந்தத் தாராளம் சுருங்கிவிடுகிறது. பூண்டு, கருவாடு, பால்சுறாப் புட்டு எல்லாம் பத்தியத்தின் நல்ல பக்கம், விடக் கூடாது. ‘தண்ணி குடிச்சா வயிறு சரியும்’, ‘கீரை தின்னா குழந்தைக்கு ஆகாது’ என்று தடுப்பது கெட்ட பக்கம். கர்ப்ப காலத்தைவிட அதிகம் தேவைப்படுகிற மாதங்களில் தட்டு காலியாகிறது. அந்தத் தடைகளைவிடவும் கனமான வழக்கம் ஒன்றிருக்கிறது.

“நீங்க சாப்டுங்க அத்தை, நான் அப்பறமா போட்டுக்கறேன்.”

இந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை வீட்டு மருமகள்களின் இரத்தம் கரைகிறது! கடைசியாக உட்காருகிறவளுக்குச் சோறு மிஞ்சும், குழம்பின் அடியில் இருந்த பருப்பும் முட்டையும் மிஞ்சாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணத்தோடு ஊட்டச்சத்துப் பெட்டகமும் அரசு தருகிறது. பெட்டகம் வீட்டு வாசல் வரை வரும். தட்டு வரை வருவதற்கு வீட்டில் யாராவது மனசு வைக்க வேண்டும்.

ஆண்கள் கதைக்கு வந்தால், இந்தத் தாலுக்காவில் விசைத்தறியில் நின்று ஓட்டுகிறவரும் உண்டு, விடிகாலையில் மின்சார ரயிலேறிச் சென்னையில் நாற்காலியில் உட்காருகிறவரும் உண்டு. உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு 2,110 கிலோகலோரி, நடுத்தர உழைப்புக்கு 2,710 என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். வேலை மாறியவர்கள் பலர் சோற்றின் அளவை மாற்றவில்லை. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்றது. கேழ்வரகுக்கு மாறிவிட்டால் சர்க்கரை ஏறாது என்று நம்புவதும் தவறு. நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சி இரத்தச் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். அளவைக் குறைத்து, கெட்டியான களியாக, இரண்டு மடங்கு காயும் கீரையும் சேர்த்துச் சாப்பிடுவதே வழி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி 2,000 கிலோகலோரி உணவுக்குத் தானியம் 250 கிராம், காய்கீரை 400 கிராம் என்று சொல்கிறது. நம் தட்டில் இது தலைகீழாகத்தான் இருக்கிறது.

முதியவர்களைப் பற்றிச் சொல்லும்போது மனம் கனக்கிறது. பல்லில்லை, பசியில்லை என்று டீயிலும் பொறையிலும் பொழுதைக் கழிக்கிறார்கள். ‘வயசானவங்களுக்கு என்ன பெருசா வேணும்’ என்று வீடும் விட்டுவிடுகிறது. சோற்றின் அளவு குறையலாம். புரதம் குறையக் கூடாது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஐம்பது, அறுபது கிராம் புரதமாவது வேண்டும். குறைந்தால் தசை கரையும், தசை கரைந்தால் தடுக்கி விழுவார்கள், விழுந்தால் இடுப்பெலும்பு. குழைந்த பருப்பு, தயிர், அவித்த முட்டை, பொடித்த கடலை எதற்கும் பல் தேவையில்லை. களியும் மெல்ல வேண்டாத உணவுதான். கிருத்திகை விரதம் இருக்கிறவர் சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவரானால், எதுவும் சாப்பிடாமல் 365 படியேறுவது சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு மருந்தளவை மாற்றிக்கொள்ளட்டும், மடியில் நாலு கற்கண்டு முடிந்துகொள்ளட்டும். மேலே போக வண்டிப்பாதையும் இருக்கிறது.

இனி ஒரு வீட்டின் மதியச் சமையலை எடுத்துக்கொள்வோம்: களி, பருப்புப் போட்ட கீரைக் கடைசல், வேர்க்கடலைச் சட்னி, மோர். காரமும் உப்பும் போடுமுன் ஒரு கரண்டி கடைசலை எடுத்து மசித்தால் ஒன்பது மாதக் குழந்தைக்கு ஆயிற்று. தாத்தாவுக்குக் களி ஒரு சின்ன உருண்டை, மோருக்குப் பதில் தயிர். சர்க்கரை உள்ள அப்பாவுக்குக் களி பாதி, கடைசல் இரட்டிப்பு. பள்ளிக்கூடப் பெண்ணுக்குச் சட்னி கூடுதல், கடைசியில் கொய்யா. பால் கொடுக்கும் தாய்க்கு எல்லாமே கூடுதல், அதுவும் முதல் பந்தியில். தனியாக எதுவும் சமைக்கவில்லை. வீட்டில் முட்டை மூன்றுதான் இருக்கிறது என்றால் அவை அந்தப் பெண்ணுக்கும் தாய்க்கும் தாத்தாவுக்கும் போகட்டும். சம்பாதிக்கிறவர் என்று அப்பாவின் தட்டில் முதல் முட்டையை வைக்கிற வழக்கத்தை, அப்பாவே கையை நீட்டி நிறுத்தலாம்.