குரோஸ் மாவட்டத்திலே ஒரு கல்வீடு

‘வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்’ என்பது நம்மவர் பழமொழி. இவ்விரண்டினும் கடினமான மூன்றாவது காரியம் ஒன்றுண்டு. பிறர் கட்டி, பிறர் வாழ்ந்து, பிறரே கைவிட்டுப்போன பழைய வீட்டினை அந்நிய தேசத்திலே விலைக்கு வாங்கிப் புதுக்குவதே அது. என் பள்ளித் தோழர் ஒருவர் பிரான்சு தேசத்திலே அக்காரியத்திற் கைவைத்தார். 2024 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே கல்லூரியில் லீவு பெற்றுச் சென்று, அவ்வீட்டிலே பத்து நாட்கள் தங்கியிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

அவ்வீட்டைப் பற்றி நண்பர் முதன்முதல் தொலைபேசியிற் சொன்னபோது எனக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை என்பதை ஒளியாமற் சொல்லிவிடுகின்றேன். நண்பர் பிறந்த ஊர் வேலணை. 1990 ஆம் ஆண்டிலே போர் காரணமாக அவர் குடும்பம் ஊரைவிட்டு யாழ்ப்பாணத்துக்கு வந்தது. எட்டாண்டுகளின் பின் அவர் பாரிஸ் சேர்ந்தார். தந்தையார் சுண்ணக்கல்லால் எழுப்பிய வீடு வேலணையிலே பூட்டிக் கிடந்தது. பின்னர்ப் பூட்டுவதற்குக் கதவும் இல்லாதாயிற்று. முதுசம் இவ்வாறு பாழடைந்து கிடக்க, முன்பின் அறியாத பிரான்சுக்காரர் வீட்டுக்குப் பணத்தைக் கொட்டுவது எந்த நியாயம் என்று என் மனம் கேட்டது. அக்கேள்வியை மனத்திலே அடக்கிக்கொண்டே பிரயாணமானேன்.

பாரிஸ் மாநகரின் ஒஸ்ரலிற்ஸ் நிலையத்திற் புகைவண்டி ஏறினால், சுமார் மூன்று மணி நேரத்தில் லா சுத்தரேன் என்னும் சிற்றூர் வந்துசேரும். குரோஸ் மாவட்டத்தின் வாயில் அது எனலாம். நிலையத்திலே நண்பர் மோட்டார் வண்டியுடன் காத்திருந்தார். வழிநெடுக வேலி கட்டிய புல்வெளிகள். அவற்றிலே செந்நிற மாடுகள். இடையிடையே ஓக் மரங்களும் செஸ்நட் மரங்களும். செஸ்நட் கொட்டைகள் தெருவோரமெல்லாம் உதிர்ந்து கிடந்தன. பலாக்கொட்டையைச் சுடுவது போல நெருப்பிலே சுட்டு அவற்றை உண்பர். மனிதரைத்தான் அதிகம் காணவில்லை. ஓர் ஊரைக் கடந்தோம், யன்னல்கள் சாத்தியிருந்தன. மற்றோர் ஊரைக் கடந்தோம், அங்கும் அவ்வாறே.

“சனமெல்லாம் எங்கே போய்விட்டது?” என்று கேட்டேன்.

“எங்கட சனம் போன இடத்துக்குத்தான், மச்சான். பாரிசுக்கு” என்றார் நண்பர்.

அவர் வேடிக்கையாகச் சொன்னாரெனினும் அது சரித்திர உண்மை. சரித்திரம் படிப்பிக்கும் நான் அதனை அவர் வாயிலாக அறிய நேர்ந்தது. குரோஸ் கருங்கற் பூமி; விளைச்சல் குறைந்த மண். ஆதலின் இம்மாவட்டத்து ஆடவர் பல தலைமுறையாகக் கொத்துவேலை பழகி, மார்ச் மாதத்திலே கால்நடையாகப் பாரிசுக்குச் சென்று, வீடு கட்டிப் பொருளீட்டி, மாரி தொடங்க ஊர் திரும்புவர். அவர்களுள் ஒருவரே மார்த்தான் நதோ என்பவர். 1815 இலே பிறந்த அவர், 1830 இலே பதினான்கு வயதுச் சிறுவனாய்த் தந்தையுடன் பாரிசுக்கு நடந்தார். 1849 இலே அரசாங்க சபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். 1851 இன் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் நாடு கடத்தப்பட்டு, இங்கிலாந்திலே ஆசிரியத் தொழில் புரிந்து சீவித்தார். பாரிஸ் இன்றைய அழகிய தோற்றம் பெற்ற பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, அதன் மாளிகைகளை எழுப்பிய கைகளிற் பல குரோஸ் கொத்தர்களுடைய கைகளே.

பருவந்தோறும் திரும்பி வந்தவர்கள் காலப்போக்கிலே மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு பட்டணத்திலேயே தங்கிவிட்டனர். 1851 இலே ஏறத்தாழ 2,87,000 சனங்கள் வாழ்ந்த இம்மாவட்டத்தில் இன்று ஏறத்தாழ 1,15,000 பேரே உளர். 1914 இலே மூண்ட பெரும் போர் எஞ்சிய இளைஞரிலும் பலரைக் கொண்டுபோயிற்று. நண்பருடைய ஊரின் நடுவே அப்போரில் மாண்டோர் பெயர் பொறித்த கல்லொன்று நிற்கின்றது. எண்ணிப் பார்த்தேன்: ஊரிலே இப்பொழுது குடியிருப்போரினும் அக்கல்லில் உள்ளோர் அதிகம்.

வீடு ஊரின் கோடியிலே இருக்கின்றது. கதவு நிலையின் மேற்கல்லிலே 1847 என்ற ஆண்டு செதுக்கப்பட்டுள்ளது. சுவர்கள் இரண்டடிக்கு மேற்பட்ட கனமுடையன. கருங்கற்களை மண்சாந்திலே அடுக்கிச் சுண்ணாம்பு பூசியவை. வடதிசைக் குளிர்காற்றுக்கு அஞ்சி அப்பக்கத்தில் ஒரு சிறிய யன்னலே வைத்திருக்கின்றனர். கீழே ஒரு பெரிய அறை. அதுவே குசினியும் கூடமும். அதன் ஒரு சுவர் முழுவதும் கணப்படுப்பு. முற்றத்திலே பாண் சுடும் கல்லடுப்பும், வீட்டோடு ஒட்டி மாட்டுக் கொட்டிலும் உண்டு. நண்பர் 2021 இலே வாங்கியபோது கூரையின் மூன்றிலொரு பங்கு உள்ளே வீழ்ந்து கிடந்ததாம்.

வீடு வாங்கிய கதை நம் வாசகர்களுக்குச் சுவையாயிருக்கும். நம் நாட்டிற் போலவே பிரான்சிலும் நொத்தாரிசு முன்னிலையிலேயே உறுதி முடிக்கவேண்டும். ஆயின் அந்நாட்டு நொத்தாரிசு அரசாங்க நியமனம் பெற்றவர். விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் ஒருவரே நின்று காரியம் பார்க்கலாம். முதலில் உடன்படிக்கை எழுதி, விலையிற் பத்திலொரு பங்கு வரை முற்பணம் கட்டுவது வழக்கம். அதன்பின் பத்து நாட்களுக்குள் வாங்குபவர் மனம் மாறினால், காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம். விற்பவருக்கு அவ்வுரிமை இல்லை. அறுதி உறுதி முடிய மேலும் இரண்டு மூன்று மாதம் செல்லும். பழைய வீடாயின் விலைக்கு மேல் நூற்றுக்கு ஏழெட்டு வீதம் செலவு வரும். அதிற் பெரும்பகுதி அரசாங்கத் தீர்வையே.

விற்பவர் சில அறிக்கைகளையும் கொடுக்கவேண்டும். 1949 க்கு முன் கட்டிய வீடாயின் பூச்சிலே ஈயம் உண்டா என்பதும், மலசலகூடக் குழி ஒழுங்கானதா என்பதும் அவற்றுட் சில. குழி ஒழுங்கற்றதாயின் வாங்கியவர் ஓராண்டுக்குள் திருத்தவேண்டும். நண்பர் அதனை முன்கூட்டியே கணக்கிற் சேர்க்கவில்லை. “வீட்டைப் பார்த்தனான், குழியைப் பார்க்கேல்லை” என்று சொல்லிச் சிரித்தார். பாரிசிலே ஒரு சிற்றறைக்கும் போதாத விலைக்குக் கிடைத்த வீடு, திருத்தும் செலவிலே தன் விலையை இருமுறை விழுங்கிவிட்டது. மலிவு கண்டு மயங்குவோர் இதனைக் குறித்துக்கொள்க.

இவையெல்லாவற்றினும் என் மனத்தைத் தொட்டது வேறொன்று. அவ்வீடு பத்தொன்பது ஆண்டுகள் விலைப்படாமற் கிடந்தமைக்குக் காரணம் வாங்குவாரின்மை அன்று, பங்காளிகள் ஒன்றுபடாமையே. பெற்றோர் சொத்திலே பிள்ளைகள் யாவர்க்கும் பங்குண்டு என்பது அந்நாட்டுச் சட்டம். பிரியாத சொத்தை விற்பதற்குப் பொதுவாக அனைவருடைய சம்மதமும் வேண்டும். கடைசியாக அங்கு வாழ்ந்த மூதாட்டி இறந்தபின், மூன்று பேரப்பிள்ளைகளும் மூன்று பட்டணங்களில் இருந்துகொண்டு, ஒருவர் கடிதத்துக்கு மற்றவர் பதில் எழுதாமலே காலம் கழித்தனர். அதற்கிடையிலே மழை தன் வேலையைச் செய்தது. முதலில் ஓர் ஓடு நழுவியது; அவ்விடத்தாற் சிலாகை நனைந்தது; பின் கைமரம் உக்கியது; ஈற்றிலே தீராந்தி முறிந்தது.

இதனைக் கேட்டுக்கொண்டிருந்தபோது வேலணை வீடே என் கண்முன் நின்றது. நண்பருடைய தந்தையார் எவர் பெயருக்கும் எழுதாமலே காலமானார். பிள்ளைகள் நால்வர்: ஒருவர் பாரிசில், ஒருவர் இலண்டனில், தங்கை ரொறன்ரோவில், மூத்தவர் கொழும்பில்.

அயலிலே எழுபது வயது கடந்த கொத்தர் ஒருவர் இருக்கின்றார். தொழிலை விட்டுவிட்டாராயினும், நண்பர் சீமெந்துப் பையைத் தூக்கிக்கொண்டு வந்த முதல் நாளே ஓடிவந்து தடுத்தவர் அவர்தாம். அத்திவாரம் ஆழமில்லாத பழஞ்சுவர் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்பு பூசியிருந்தால் அவ்வீரம் வெளியே ஆவியாகிப் போகும். சீமெந்து பூசினால் உள்ளேயே அடைபட்டுத் தீராந்தியின் முனைகளை உக்கச் செய்யும். மாரியில் உறைந்து பூச்சையும் வெடிக்கச் செய்யும். ஆதலின் பழைய சுவருக்குச் சுண்ணாம்பே மருந்து என்பது அவர் போதனை. நம் முன்னோரும் சுண்ணாம்புச் சாந்தினாலேயே கட்டினார்கள் என்று நண்பர் மொழிபெயர்த்துச் சொன்னபோது, முதியவர் என் கையைப் பற்றிக் குலுக்கினார்.

கூரை முழுவதும் மேயும் வரை சுவரிலே கைவைக்க அவர் விடவில்லையாம். “மழை வீட்டை விழுத்துவதில்லை, ஒழுக்கைக் கண்டு ஏணி வைக்க ஆளில்லாமையே விழுத்துகின்றது” என்றார்.

அன்றிரவு கணப்படுப்பின் அருகே அமர்ந்திருந்தோம். நண்பருடைய மனைவியார், “அண்ணா, குளிருதெண்டால் கிட்ட வாங்கோ” என்று சொல்லிச் சுட்ட செஸ்நட் கொட்டைகளைத் தட்டிலே வைத்தார். அப்போதுதான், பத்து நாளாக அடக்கி வைத்த கேள்வியைக் கேட்டேன். “அப்பாவின் வீட்டை விட்டுவிட்டு இந்த வீட்டை ஏன் எடுத்தாய்?”

நண்பர் சிறிது நேரம் நெருப்பையே பார்த்திருந்தார். “எங்கட வீட்டைத் தொட நாலு பேற்ற கையெழுத்து வேணும். அதைக் கேட்க எனக்குத் துணிவு வரேல்லை. கேட்டால் பங்குக் கதை வரும், பங்குக் கதை வந்தால் பகை வரும். இங்கே காசு கொடுத்தன், திறப்பைத் தந்தாங்கள். கையாலே ஒரு வீட்டை நிமிர்த்தவேணும் எண்டு ஆசை, மச்சான். அது எந்த வீடெண்டு பார்க்கேல்லை” என்றார்.

அவரைக் குறைகூற எண்ணிச் சென்ற எனக்கு நாவெழவில்லை. குரோஸ் கொத்தர்கள் பாரிசுக்கு வீடு கட்டப் போனதாலே பாழான வீட்டை, பாரிசுக்குப் பிழைக்கப் போன வேலணைத் தமிழர் ஒருவர் நிமிர்த்தியிருக்கின்றார். அவ்வூரிலே நெடுங்காலம் சாத்திக் கிடந்த யன்னலொன்று இன்று திறந்திருக்கின்றது. அதனை வீண்செலவு என்று சொல்ல நான் யார்?

விடைபெறும் நாளிலே நண்பர் ஒரு கடித உறையை என் கையிற் கொடுத்தார். சகோதரர் மூவருக்கும் எழுதிய கடிதத்தின் பிரதி அது. பங்கைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. வேலணை வீட்டின் கூரையை மட்டும் தம் செலவிலே போட விரும்புவதாகவும், யாருடைய பங்குக்கும் அதனால் உரிமை கோரப்போவதில்லை என்றும் எழுதி, என் பெயருக்கு அற்றோர்ணித் தத்துவம் கேட்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் மேசன் ஒருவரையும் தச்சர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு வேலணைக்குச் சென்றேன். முற்றத்திலே பற்றை, கூடத்திலே ஒரு வேம்பு. ஆயினும் சுவர்கள் நேராகவே நின்றன. பனங் கைமரங்களிற் சிலவற்றைத் தட்டிப் பார்த்த தச்சர், “இது இன்னும் ஐம்பது வருஷத்துக்குக் கிடக்கும், சேர்” என்றார். கொழும்பிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பத்திரங்கள் வந்துவிட்டன. ரொறன்ரோவிலிருந்து வரவேண்டியது ஒன்றே குறை.

இத்தகைய வீடொன்று யாருக்கேனும் எங்கேனும் கிடக்குமாயின் அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. பங்கு பிரிப்பதைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம். முதலிலே கூரையைப் பாருங்கள்.