வெச்சுக்கோ

ஒரு கொசுவின் விலை என்னவாக இருக்கும்? சிரிக்காதீர்கள். திருவண்ணாமலையில் ஒருவர் என்னிடம் நிஜமாகவே இப்படிக் கேட்டார்.

ரமணாசிரமத்துக்குப் போகிறவர்களுக்கு அந்தச் செங்கம் ரோடு தெரிந்திருக்கும். ருத்திராட்சம், படிகமாலை, கலர் கலராகக் கற்கள் விற்கும் கடைகள். தமிழில் பேரம் பேசும் வெள்ளைக்காரர்கள். காவி கட்டிய கைகளில் டீ கிளாஸ். எனக்குப் பழக்கமான ஆட்டோக்காரர் ஒருவர் அங்கே இருக்கிறார். நான் மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி படிக்க, தபால்தலை பார்க்கும் லென்ஸை எடுத்ததை ஒருநாள் கண்ணாடியில் பார்த்துவிட்டார். வண்டியை ஓரங்கட்டினார்.

“சார், நீங்க கல்லு பார்ப்பீங்களா?”

“இல்லப்பா, ஸ்டாம்ப் பார்ப்பேன்.”

“அதே லென்ஸுதானே சார்!”

மறுநாள் காலை டீக்கடை பெஞ்சில், கைக்குட்டைக்குள் இருந்து ஒன்றை எடுத்து வைத்தார். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு. தேன் நிறம். வெயிலில் பிடித்தால் உள்ளே விளக்கு ஏற்றின மாதிரி இருந்தது. அம்பர்.

அவர் வீட்டு மாடியில் பல வருஷம் குளிர்காலத்துக்கு மட்டும் வந்து தங்கிய ஒரு லிதுவேனியா அம்மாள் கொடுத்தது. பால்டிக் கடலோர ஊர்க்காரி. அங்கே புயலடித்தால் மறுநாள் கரையில் அம்பர் ஒதுங்குமாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் கிடைத்த விமானத்தில் கிளம்பினார்களே, அப்போது அவசர அவசரமாகக் கழுத்துக் கயிற்றிலிருந்து இதைக் கழற்றி, தனக்குத் தெரிந்த தமிழில் ‘வெச்சுக்கோ’ என்று கையில் திணித்துவிட்டுப் போயிருக்கிறார். அப்புறம் வரவில்லை.

இப்போது ஆட்டோக்காரரின் பெண்ணுக்கு நர்ஸிங் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. ஃபீஸ் கட்டவேண்டும். ஒரு கடையில் காட்டினால், “பிளாஸ்டிக்கு. ஐந்நூறு தர்றேன்” என்றார்களாம். இன்னொருவர் யூடியூப் பார்த்துவிட்டு, “உள்ள பூச்சி இருந்தா லட்சக்கணக்குல போகும்” என்றிருக்கிறார். ஐந்நூறுக்கும் லட்சத்துக்கும் நடுவே அந்த மனிதர் ஒரு வாரமாகத் தூங்கவில்லை.

அம்பர் கல்லே இல்லை. மரத்துப் பிசின். கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்து இறுகிப்போனது. பிசின் வழியும்போது மேலே வந்து உட்கார்ந்த எறும்பு, ஈ, சிலந்தி எல்லாம் ஒட்டிக்கொண்டு, அடுத்த சொட்டில் மூடப்பட்டு அப்படியே நின்றுவிடும். 1993-ல் ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் இப்படி ஒரு கொசுவின் வயிற்று ரத்தத்திலிருந்துதான் டைனோசரை எழுப்பினார்கள். நிஜத்தில் மரபணு அவ்வளவு காலம் தாங்காது. தவிர, பால்டிக் அம்பருக்கு வயது சுமார் நாலு கோடி வருஷம். டைனோசர்கள் போய்ச் சேர்ந்தது ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால். அந்தக் கொசு கடிக்க ஆசைப்பட்டாலும் ஆள் இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் என்ன செய்யலாம்? நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் துணியில் பரபரவென்று தேய்த்தோம். காகிதத் துணுக்குகள் பறந்துவந்து ஒட்டின. கிரேக்கர்கள் கண்டுபிடித்த பழைய வித்தை இது. அம்பருக்கு அவர்கள் மொழியில் ‘எலக்ட்ரான்’ என்று பேர். உங்கள் வீட்டுக் கரண்ட் பில்லில் இருக்கும் எலெக்ட்ரிசிட்டி இங்கிருந்து வந்ததுதான். ஆனால் பிளாஸ்டிக் சீப்பும் காகிதத்தை இழுக்கும். எனவே இது ஒரு சாட்சிதான், தீர்ப்பு இல்லை.

அடுத்து டீக்கடைக்காரரிடம் கண்ணாடி டம்ளர் வாங்கி, இனிமேல் கரையாது என்கிறவரை உப்பைக் கரைத்தோம். நல்ல தண்ணீரில் முழுகிய கல், உப்புத் தண்ணீரில் மிதந்தது. கண்ணாடியும் பெரும்பாலான பிளாஸ்டிக்கும் மூழ்கிவிடும். பக்கத்து மளிகைக் கடையில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச் வாங்கி அடித்தோம். லேசான நீல வெளிச்சம் வந்தது. அதற்குள் எங்களைச் சுற்றிப் பதினைந்து பேர்.

“ஊசியைக் காய்ச்சி குத்திப் பாருங்க சார், வாசனை வரும்” என்றார் ஒருவர். வரும்தான். அசல் என்றால் பிசின் புகை, போலி என்றால் பிளாஸ்டிக் நாற்றம். ஆனால் கல்லில் வடு விழும். அடுத்தவர் பொருளில் ஊசி குத்த எனக்கு மனசு வரவில்லை.

நகப்பாலிஷ் அழிக்கும் திரவத்தை ஒரு சொட்டு வைத்தும் பார்ப்பார்கள். வயசு போதாத இளம் பிசின் என்றால் பிசுபிசுக்கும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பமுடியாது. குஜராத்தில் சூரத் பக்கம் வஸ்தான் என்ற இடத்து நிலக்கரிச் சுரங்கத்தில் நம் நாட்டு அம்பர் கிடைத்திருக்கிறது. இந்திய, ஜெர்மானிய, அமெரிக்க விஞ்ஞானிகள் சேர்ந்து சுமார் 150 கிலோவை அலசி, 700-க்கும் மேற்பட்ட பூச்சி, சிலந்திகளைக் கண்டுபிடித்ததாக 2010-ல் அறிவித்தார்கள். வயது ஐந்து கோடி வருஷம். ஆனால் இது கரைப்பானில் கரைந்துவிடுகிறது! அதனாலேயே சில பூச்சிகளைப் பிசினைக் கரைத்து முழுசாக வெளியே எடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். அந்தப் பிசின் சுரந்த மரம், நம் குங்கிலிய மரத்தின் குடும்பம். பசிக்கு நெல் வாங்கிவரச் சொல்லி மனைவி கழற்றிக் கொடுத்த தாலியைக் கொடுத்து, குங்கிலியம் வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போன திருக்கடவூர் நாயனாரைத் தெரியுமல்லவா? அவர் தங்கத்தைக் கொடுத்துப் பிசின் வாங்கினார். இவர் பிசினைக் கொடுத்து ஃபீஸ் கட்டப் பார்க்கிறார்.

சரி, பூச்சி?

ஆட்டோக்காரர் விரலால் காட்டிய கறுப்பு உருவத்தை லென்ஸில் பார்த்தேன். கால் இல்லை. உடம்பில் கண்டங்கள் இல்லை. இடமும் வலமும் ஒத்துப்போகவில்லை. மரப்பட்டைச் சிதறல். சுற்றிலும் மின்னிய வட்டங்கள் காற்றுக்குமிழிகளும், தகடு மாதிரி உள்விரிசல்களும். சொன்னேன். அவர் முகம் போன போக்கை இங்கே எழுத விருப்பமில்லை.

லென்ஸை உடனே எடுக்கவும் தயக்கமாக இருந்தது. கல்லை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தேன். கயிறு கோத்த துளைக்குப் பக்கத்தில், எள்ளில் பாதி அளவுக்கு ஏதோ. மூச்சை அடக்கிப் பார்த்தேன். நீளக் கால்கள். எண்ணினால் ஐந்து; ஆறாவது உடம்புக்குப் பின்னால் இருக்கலாம். ஒரு சிறகு மடங்கியிருந்தது. தலையில் இறகு மாதிரி உணர்கொம்பு. ஒரு பக்கம் பால் படிந்தாற்போல வெள்ளைப் படலம். பால்டிக் பூச்சிகளில் இதைப் பார்க்கலாம் என்று படித்திருக்கிறேன். அருகிலேயே நட்சத்திர வடிவில் பொடிப்பொடி ரோமங்கள். ஓக் மரத்துப் பூவிலிருந்து உதிர்ந்தவை. பால்டிக் அம்பரின் கைரேகை என்றே இதைச் சொல்வார்கள்.

போலிகளில் பூச்சி பெரிசாக, சிறகை விரித்து, ஃபோட்டோவுக்கு நிற்கிற மாதிரி இருக்கும். இது தப்பிக்கப் பார்த்துத் தோற்றுப்போன உடம்பு.

ஆனாலும் நான் ‘அசல்’ என்று அடித்துச் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. அம்பருக்குள் அகப்பட்ட ஈ ஒன்றை 1850-லேயே ஒரு நிபுணர் ஆராய்ந்து எழுதினார். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1922-ல் அதை வாங்கிப் பத்திரப்படுத்தியது. 1993-ல் ஆண்ட்ரூ ராஸ் என்ற ஆய்வாளர் உருப்பெருக்கியில் வைத்துப் பார்க்கையில், விளக்கின் சூட்டில் ஒரு விரிசல் தெரிந்தது. யாரோ அம்பரை இரண்டாக அறுத்து, குடைந்து, ஈயை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அதுவும் சாதாரணக் கக்கூஸ் ஈ! நிபுணர்களே நூற்றி நாற்பது வருஷம் ஏமாந்த இடத்தில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் என்ன தீர்ப்புச் சொல்வது? அகச்சிவப்பு நிறமாலைக் கருவி உள்ள ஆய்வகத்தில் காட்டினால் உறுதியாகத் தெரியும் என்றேன்.

அவரிடம் லென்ஸைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

“பாவம் சார், மாட்டிக்கிச்சு” என்றார் மெதுவாக.

விலையைக் கேட்ட மனிதர் சொன்ன முதல் வார்த்தை இது. தெரியாமல் குளவிக்கூட்டை இடித்துவிட்டதற்காக, அவை கொட்டித் தீர்க்கும்வரை காலை நகர்த்தாமல் ரமணர் நின்ற மலை எதிரே இருந்தது.

அப்புறம்தான் விலை. உண்மையைச் சொன்னேன். கொசுவுக்குப் பங்காளி முறையாகும் இந்த மாதிரிச் சின்ன ஈக்கள்தான் பால்டிக் அம்பரில் ரொம்பச் சாதாரணம். அசலே என்றாலும் சில ஆயிரம் கிடைத்தால் உண்டு. பல்லி, ஓணான் இருந்தால்தான் லட்சம்.

அவர் கைக்குட்டையை மடித்துக்கொண்டே கேட்டார். “சார், ‘வெச்சுக்கோ’ன்னா என்ன சார் அர்த்தம்? எனக்கே வெச்சுக்கோன்னா, இல்ல நான் வர்ற வரைக்கும் பத்திரமா வெச்சுக்கோன்னா?”

யோசித்துப் பாருங்கள். நம் தமிழில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை. கல்லுக்குள் இருப்பதைப் பார்க்க லென்ஸ் இருக்கிறது. சொல்லுக்குள் இருப்பதைப் பார்க்க என்ன இருக்கிறது?

அவர் ஃபோனில் அந்த அம்மாளின் பழைய நம்பர் இருந்தது. கல்லைப் படமெடுத்து, விற்கலாமா, வைத்திருக்கவேண்டுமா என்று ஆங்கிலத்தில் நான்தான் அடித்துக் கொடுத்தேன். ஒரு டிக் மட்டும் விழுந்தது.

கிளம்பும்போது, “ஃபீஸுக்கு?” என்றேன்.

“வண்டி மேல கடன் வாங்கிக்கலாம் சார்.”

போன வாரம் ஃபோன் செய்தார். பெண் காலேஜில் சேர்ந்துவிட்டாளாம். அந்த மெசேஜ்?

“இன்னும் ஒரு டிக்குதான் சார். ரெண்டாவது விழட்டும். அதுவரைக்கும் வெச்சிருக்கேன்.”