எங்கள் ஐயாவின் இடக்காது

தாயன்பைப் போற்றாத மக்கள் இல்லை. தந்தையின் அன்போ பெரும்பாலும் அவர் மறைந்த பின்னரே உணரப்படுகின்றது. எங்கள் இல்லத்திலும் அவ்வாறே நேர்ந்தது.

எங்கள் ஐயா வடமராட்சியில் ஒரு கமக்காரக் குடும்பத்திற் பிறந்தவர். இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது இலங்கையிற் கட்டாயப் படைச்சேவை இருந்ததில்லை. சேர்ந்தோர் தாமாக முன்வந்தவர்களே. ஐயாவும் அவ்வாறே இலங்கைப் பாதுகாப்புப் படையின் பீரங்கிப் பிரிவிற் சேர்ந்து, திருகோணமலையிற் கடமையாற்றினார். யுத்தம் முடிந்ததும் ஊர் திரும்பிச் சங்கக்கடையில் மனேச்சரானார்.

1942 ஏப்பிரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆந் திகதி காலை திருகோணமலையைத் தாக்கின. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கியொன்று பல நாட்களாக எரிந்தது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்க, 300 பேருக்கு மேல் மாண்டனர். இவற்றையெல்லாம் நாங்கள் புத்தகங்களிலேதான் படித்தறிந்தோம். ஐயாவைக் கேட்டால், “எங்கடை பீரங்கி கடலைப் பாத்தபடி நிண்டது, பிளேன் ஆகாயத்தாலை வந்தது” என்று சொல்லிச் சிரிப்பார். அதற்கு மேற் பேசமாட்டார்.

ஆனால் ஒரு வழக்கத்தை அவர் ஒருநாளும் கைவிட்டதில்லை. இரவு கடையைப் பூட்டிச் சயிக்கிளில் வந்து, கைகால் கழுவித் திருநீறு பூசியதும், விறாந்தையில் அரிக்கன் லாம்பைக் கொளுத்தி வைத்து, எங்கள் நால்வரையும் தமது வலப்புறத்தில் இருத்துவார். ஒவ்வொருவரும் அன்றைய பாடத்தை உரத்து வாசித்தல் வேண்டும். அவர் எங்கள் முகத்தையே உற்றுப் பார்த்திருப்பார். இடப்புறமிருந்து நாங்கள் அழைத்தால் திரும்பவும் மாட்டார். அதனைக் கடுமை என்றே எண்ணினோம்.

நித்திரை மேலிட்ட நாட்களில் நடுவே நாலைந்து வரிகளைத் தாண்டி வாசிப்போம். பக்கத்தையே தாண்டியதும் உண்டு. “நல்லது” என்பார். அவரை ஏமாற்றிவிட்டோம் என்று பாயிற் கிடந்து சிரிப்போம்.

1984ஆம் ஆண்டு ஐயா காலமானார். எட்டுச் செலவு முடிந்த மாலையில் அம்மா அவருடைய றங்குப் பெட்டியைத் திறந்தார். வேட்டித் துண்டொன்றிற் சுற்றியபடி யுத்தப் பதக்கங்கள் இருந்தன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா சொன்னார்:

“பீரங்கிச் சத்தத்திலை அவருக்கு இடக்காது முழுக்கப் போட்டுது. மற்றதும் அரைவாசிதான். வேலை போயிடும் எண்ட பயத்திலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உங்களுக்கும் சொல்லக் கூடாதெண்டவர்.”

நாங்கள் வாயடைத்து நின்றோம். அம்மா தொடர்ந்தார்: “நீங்கள் வரி விட்டு வாசிச்சதும் அவருக்குத் தெரியும். பக்கம் திருப்பிற கெதியிலை பிடிச்சிடுவார். நான் பேசப் போக, ‘விடு, பிள்ளையள் புத்தகத்துக்கு முன்னாலை இருந்தாற் காணும்’ எண்டவர்.”

பகல் முழுவதும் கடையில் நின்று களைத்த மனிதர், சரிவரக் கேளாத பாடங்களுக்காக எத்தனை இரவுகள் விழித்திருந்தார்! அன்று நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பிற்காலத்தில் எங்களில் இருவர் ஆசிரியரானோம். வரி தாண்டி வாசித்த பிள்ளையை நாங்கள் ஒருநாளும் அடித்ததில்லை.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டிலும் அதிகம் பேசாத பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். அவர் அருகில் அமர்ந்து இன்றே கேளுங்கள். நாங்கள் கேட்கப் பிந்திவிட்டோம்.